குட்டையான கால்களின் வேகம்: 5 கிலோமீட்டரை 30 நிமிடத்துக்குள் கொண்டுவந்த பதிவு

5 கிலோமீட்டரை 37 நிமிடம் 30 வினாடியில் ஓடிக்கொண்டிருந்த நான், இப்போது அதே தூரத்தை 29 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்திருக்கிறேன். என் உயரம் 152 செ.மீ. இடுப்பின் பக்கவாட்டில் கையால் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து தரை வரை அளந்தால் என் கால் நீளம் 79 செ.மீ. உயரம் குறைந்தவர்கள் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே, கால் சிறியது, அதனால் வேகம் வராது என்று முடிவு கட்டிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த முடிவு எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் பிழை என்று நாடாவையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பார்த்ததன் பதிவு இது. எந்தக் கட்டத்தில் எதைச் செய்தேன், எந்த எண் எவ்வளவு நகர்ந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கருவிகள் அதிகமில்லை. 30 மீட்டர் அளவு நாடா, சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச், வினாடிக்கு 240 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) பதிவு செய்யும் கைப்பேசி, அதை இடுப்பு உயரத்தில் நிறுத்த ஒரு சிறிய முக்காலி, சீரான தாளத்தில் ஒலி எழுப்பும், கைப்பேசியிலேயே இயங்கும் மெட்ரோனோம் செயலி, சமையலறைத் தராசு ஆகியவை போதுமாக இருந்தன. ஜிபிஎஸ் கைக்கடிகாரமும் அணிந்திருந்தேன். ஆனால் அது அந்தந்தக் கணத்தில் காட்டும் வேகம் மரங்களுக்கு அடியிலும் வளைவுகளிலும் தாறுமாறாக ஏறி இறங்கியதால், மொத்தச் சராசரிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினேன். பணம் என்று பார்த்தால், ஷூவைத் தவிர வேறெதற்கும் பெரிதாகச் செலவில்லை. நேரந்தான் பெருஞ்செலவாக இருந்தது.

சோதனை ஓட்டங்கள் எல்லாவற்றையும் 400 மீட்டர் தடகளப் பாதையின் முதல் தடத்தில், ஏறத்தாழ ஒரே வேளையில் ஓடினேன். முதல் தடத்தின் 400 மீட்டர் என்பது உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளிச் செல்லும் கோட்டின் நீளமாகும். இரண்டாம் தடத்தில் ஓடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கூடிவிடும். பன்னிரண்டரைச் சுற்று முடியும்போது 5,000 மீட்டருக்குப் பதிலாக 5,088 மீட்டர் ஓடியிருப்போம். 6 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்ற வேகத்தில் அது அரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம். எத்தனையோ வாரப் பயிற்சியின் பலன் தடம் மாறி ஓடியதிலேயே மறைந்துபோகக்கூடும் என்பதால் இந்த ஒழுங்கில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

மழை நாள்களில் பயன்படுத்திய டிரெட்மில்லையும் அப்படியே நம்பிவிடவில்லை. பட்டையின் ஓரத்தில் வண்ண ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, பட்டையைக் கையால் மெல்லச் சுழற்றி அதன் முழு நீளத்தை அளந்தேன்: 3.2 மீட்டர். திரையில் மணிக்கு 8 கி.மீ. என்று வைத்து, நான் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு நிமிடத்தில் பட்டை எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவரை எண்ணச் சொன்னபோது 40 வந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 128 மீட்டர், அதாவது மணிக்கு 7.7 கி.மீ. மட்டுமே. டிரெட்மில்லில் ஓடுபவர்கள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏனென்றால் திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் பலரும் வெளியே ஓடும்போது மனம் சோர்கிறார்கள்.

அடுத்து, தொடக்க நிலையை அளந்தேன். வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்தான்: நிமிடத்துக்கு எத்தனை அடிகள் வைக்கிறோம் என்பது ஒன்று, ஓர் அடியில் எவ்வளவு தூரம் நகர்கிறோம் என்பது இன்னொன்று. ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் ஒரு நிமிடம் எண்ணினேன். 81 வந்தது, எனவே அடி வீதம் 162. 5 கிலோமீட்டருக்கு 37 நிமிடம் 30 வினாடி என்றால் நிமிடத்துக்கு 133 மீட்டர். இதை 162-ஆல் வகுத்தால் அடி நீளம் 82 செ.மீ. நேர்ப்பாதையில் 100 மீட்டரை அளந்து சாக்பீஸால் குறித்துவிட்டு ஓடி எண்ணியபோதும் 121, 122 என்றே அடிகள் வந்ததால், கணக்கு சரி என்று உறுதியானது.

82 செ.மீ. என்ற அந்த எண்ணைப் பார்த்ததும் எவருக்கும் தோன்றக்கூடியதே எனக்கும் தோன்றியது: அடியை நீட்ட வேண்டும். உயரமானவர்களோடு சேர்ந்து ஓடும்போது அவர்களுடைய ஓரடிக்கு ஓரடி வைக்க முயன்று, காலை முன்னால் எட்டி எட்டி வைத்து ஓடினேன். அளவுகள் சொன்ன கதை வேறு. அடி நீளம் 90 செ.மீ. ஆனது உண்மைதான், ஆனால் அடி வீதம் 150-க்கு இறங்கிவிட்டது. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 135 மீட்டர். கிலோமீட்டருக்கு 6 வினாடிதான் மிச்சம். அதற்கு ஈடாக, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்ளோரம் முழுவதும் வலிக்கத் தொடங்கியது.

வலி தணியும் வரை ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வேகமான நடையை மட்டும் தொடர்ந்தேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலிப்பது, புதிதாக ஓடுபவர்களுக்கு அடிக்கடி வருவதும் ஓய்வில் குறைவதுமான வலி. விரல் நுனியால் அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கக்கூடும். அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனக்கு வந்தது முதல் வகை.

ஓய்வுக் காலத்தில், எட்டி வைத்து ஓடியபோது எடுத்திருந்த காணொளியைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்தேன். குதிகால் தரையைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்தி, இடுப்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து குதிகால் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை ஷூவின் நீளத்தை அளவுகோலாக வைத்துக் கணித்தேன். ஒன்றேகால் ஷூ நீளம் முன்னால் இருந்தது. முழங்கால் ஏறக்குறைய விறைத்து நீட்டியிருந்தது. அப்படி விழும் கால் ஒவ்வோர் அடியிலும் உடலின் முன்னோக்கிய ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது. தடுத்ததை மறுபடியும் தள்ளி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. 8 செ.மீ. நீளம் கூடியும் வேகம் கூடாததற்கு அதுவே காரணம்.

ஓய்வு முடிந்ததும் எதிர்த்திசைக்குப் போனேன். நிமிடத்துக்கு 180 அடிகள்தான் சரியான எண் என்று ஓடுபவர்களிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. மெட்ரோனோமை 180-இல் வைத்து, அதன் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் அடி வைத்தேன். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற மெதுவான ஓட்டத்தில் 180 அடிகள் வைத்தால் ஓர் அடிக்கு 69 செ.மீ.தான் கிடைக்கும். கால்கள் தரையைத் தேய்த்தபடி தடதடவென்று ஓடினவே தவிர, உடல் நகரவில்லை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. பிறகுதான் அந்த எண்ணின் பின்னணியைத் தேடிப் படித்தேன். பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளை எண்ணியபோது பெரும்பாலோர் 180-க்கு மேல் வைத்திருந்தார்கள். அவர்கள் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள். எண்ணப்பட்டது அவர்களுடைய போட்டி வேகம். மெதுவாக ஓடும் ஒரு தொடக்கநிலையாளரின் அன்றாட ஓட்டத்துக்கு அதை அளவாகக் கொள்வதில் பொருளில்லை.

எனக்குக் கைகொடுத்தது வேறோர் அளவு. 2011-இல் பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டே ஒருவர் தமது வழக்கமான அடி வீதத்தை 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டினால் முழங்கால், இடுப்பு மூட்டுகளின் மேல் விழும் பாரம் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணாக அல்லாமல், அவரவர் வழக்கத்திலிருந்து சிறிது கூட்டுவதாக அது இருந்தது எனக்குப் பிடித்தது. மெதுவான ஓட்டத்தில் என் வழக்கம் 158. அதை 166-க்குக் கொண்டுவந்தேன். ஓட்டம் முழுவதும் மெட்ரோனோமை ஒலிக்கவிடாமல், ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நான்கு நிமிடம் அணைத்துவிட்டு, காலே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்தேன். அப்படி விட்டு விட்டுப் பழகியது, இடைவிடாமல் கேட்டுப் பழகியதைவிட விரைவாகப் படிந்தது.

மறுபடி எடுத்த காணொளியில் குதிகால், கோட்டுக்கு முக்கால் ஷூ நீளம் முன்னால் விழுந்தது. வலி திரும்பவில்லை. ஆயினும் 5 கிலோமீட்டர் சோதனையில் கிடைத்தது 36 நிமிடம் 5 வினாடிதான். அடி வீதம் 170, அடி நீளம் 81 செ.மீ. அடி வீதத்தைக் கூட்டியது காயத்திலிருந்து என்னைக் காத்தது. வேகத்தை அது தனியாகக் கொண்டுவந்துவிடவில்லை. உயரம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் "சின்ன அடி, விரைவான அடி" என்ற ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. அதை மட்டும் நம்பி நின்றிருந்தால் நான் 36 நிமிடத்திலேயே நின்றிருப்பேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த கட்டத்தில் வேகத்தைக் குறைத்தேன். அதுவரை பெரும்பாலான நாள்களில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்ற நடுத்தர வேகத்திலேயே ஓடிவந்தேன். அது களைப்பைத் தருமளவுக்குக் கடினமாகவும், வேகத்தைப் பழக்கப் போதாத அளவுக்கு மெதுவாகவும் இருந்தது. வாரத்தில் நான்கு ஓட்டங்கள் என்று வகுத்து, அவற்றில் மூன்றை முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேசக்கூடிய வேகத்துக்கு இறக்கினேன். எனக்கு அது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 வினாடியிலிருந்து 8 நிமிடம் 30 வினாடி வரை. ஏற்றம் வந்தால் நடந்தேன். பேசிப் பார்ப்பதைத் தவிர வேறு கருவி எதையும் இதற்குப் பயன்படுத்தவில்லை. ஏழெட்டுச் சொற்கள் கொண்ட வாக்கியத்தை மூச்சு இடறாமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று கொண்டேன். இந்த வேகத்தில் 166 அடிகள் சரியாக வராது, 160-க்கு இறங்கும். அதை இறங்க விட்டுவிட்டேன்.

மெதுவாக ஓடியதால் அதிக தூரம் ஓட முடிந்தது. வாரத்துக்கு 14 கி.மீ. இருந்தது படிப்படியாக 26 கி.மீ. ஆனது. வாரந்தோறும் கூட்டாமல், மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி நான்காம் வாரம் குறைத்துக்கொண்டேன். இந்தக் கட்டத்தில் வேறெதையும் மாற்றவில்லை. அடுத்த சோதனையில் 33 நிமிடம் 20 வினாடி வந்தது. அடி வீதம் 172, அடி நீளம் 87 செ.மீ. அடி நீளத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லாத காலத்தில்தான் அது 6 செ.மீ. கூடியிருந்தது. ஒவ்வோர் அடியிலும் தள்ளுவதற்கு வேண்டிய ஆற்றலை இதயமும் நுரையீரலும் கடைசிக் கிலோமீட்டர் வரை கொடுத்துக்கொண்டிருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு என் அடிகள் குறுகிக்கொண்டே போகும்.

இனி, இந்தப் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். ஓர் அடியின் நீளத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். கால் தரையில் ஊன்றியிருக்கும்போது உடல் அதன் மேலாகக் கடந்து செல்லும் தூரம் ஒன்று. இரண்டு கால்களும் தரையைவிட்டு எழும்பியிருக்கும்போது காற்றில் கடக்கும் தூரம் மற்றொன்று. முதல் சோதனைக் காலத்தில் எடுத்த காணொளியில், ஒரு கால் தரையைத் தொட்டதிலிருந்து விடுபடும் வரை 70 சட்டகங்கள் இருந்தன. அடுத்த கால் தொடும் வரை இன்னும் 19 சட்டகங்கள். வினாடிக்கு 240 சட்டகங்கள் என்ற கணக்கில், தரையில் 0.29 வினாடி, காற்றில் 0.08 வினாடி. அன்றைய வேகத்தைக் கொண்டு பெருக்கினால் 82 செ.மீ. அடியில் தரையில் கடந்தது சுமார் 65 செ.மீ., காற்றில் கடந்தது எஞ்சிய 17 செ.மீ.

கால் சிறியது என்ற குறை, தரையில் கடக்கும் தூரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. 79 செ.மீ. நீளமுள்ள கால், ஊன்றிய இடத்தை மையமாகக் கொண்டு முன்னும் பின்னும் சாயக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முன்பக்கம் நீட்ட முயன்றுதான் எலும்பு வலியைத் தேடிக்கொண்டேன். காற்றில் கடக்கும் தூரத்துக்கோ அந்தத் தடை இல்லை. தரையை எவ்வளவு விசையோடு, எவ்வளவு குறைந்த நேரத்தில் அழுத்தி விடுபடுகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற ஜப்பானின் மிசுகி நோகுச்சியின் உயரம் 150 செ.மீ.தான், அவர் பெயர் பெற்றதோ நீண்ட, துள்ளலான அடிகளுக்காக. 100 மீட்டரை 10.60 வினாடியில் ஓடிய ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் என் உயரமேதான். அவர்களுடைய ஆற்றலுக்கும் என்னுடையதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஆனாலும் குட்டையானவர் குறுகிய அடியே வைக்க வேண்டும் என்பது விதியல்ல என்பதற்கு அவர்களே சான்று.

எனவே கணுக்காலையும் கெண்டைக்காலையும் வலுவாக்குவதில் இறங்கினேன். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியே அடிப்படை. ஏற ஒரு வினாடி, இறங்க மூன்று வினாடி. நிறுத்தாமல் செய்தபோது தொடக்கத்தில் வலது காலில் 11, இடது காலில் 8 மட்டுமே முடிந்தது. இவ்வளவு வலுவற்ற கெண்டைக்காலை வைத்துக்கொண்டுதான் கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் வைத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள், காலுக்கு மூன்று தொகுதிகள் என்று தொடர்ந்து, பிறகு முதுகில் மாட்டிய பையில் 4 கிலோ எடை சேர்த்துக்கொண்டேன். இதோடு, முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் மட்டும் துள்ளி 30 வினாடி கயிறு தாண்டுவதையும் சேர்த்தேன். மெத்தையில் விழுந்த பந்தும் கற்தரையில் விழுந்த பந்தும் எழும்புவதில் உள்ள வேறுபாடுதான் தளர்ந்த கணுக்காலுக்கும் விறைத்த கணுக்காலுக்கும் இடையே இருக்கிறது.

மெதுவான ஓட்டம் ஒன்றின் முடிவில், 80 மீட்டர் தூரத்துக்குப் படிப்படியாக வேகம் பிடித்து, கடைசி 20 மீட்டரில் முழு வேகத்துக்குச் சற்றே குறைவாக ஓடி, நடந்து திரும்பி, மூச்சு முழுவதும் அடங்கிய பிறகே மறுபடி ஓடினேன். நான்கில் தொடங்கி ஆறு வரை போனேன். மூச்சு வாங்கிக்கொண்டே செய்தால் இது வெறும் களைப்புப் பயிற்சியாகிவிடும். நிதானமாகச் செய்தால்தான் கால் புதிய அசைவைக் கற்றுக்கொள்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை ஏற்றத்தில் ஓடினேன். கைப்பேசியைச் சாலையில் வைத்துச் சாய்வை அளந்தபோது 3 பாகை, அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரம் காட்டிய 60 மீட்டர் நீளமுள்ள சாலை அது. எட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அங்கே காலை முன்னால் நீட்டி வைக்கவே முடியாது; தரை முன்னரே வந்து காலைத் தொட்டுவிடும், பின்னால் தள்ளினால்தான் மேலே போக முடியும்.

இடையில் ஷூவைப் பற்றியும் ஓர் ஆசை எழுந்தது. ஒரு ஷூவின் எடை 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகிறது என்பது ஆய்வுகளில் நன்கு உறுதியான செய்தி. என் பழைய ஷூ தராசில் 248 கிராம், புதிதாக வாங்கிய இலேசான ஷூ 204 கிராம். வேறுபாடு 44 கிராம். கணக்குப்படி அரை விழுக்காடுகூட இல்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருப்பதும், குதிகால் வழுக்காமல் இருப்பதுமே ஷூவில் பார்க்க வேண்டியவை என்று இப்போது கருதுகிறேன். இலேசான ஷூவை வேகமான நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

31 நிமிடம் 10 வினாடிக்கு வந்த பிறகு, வாரத்தின் நான்காவது ஓட்டத்தை முழுமையாக 400 மீட்டர் சுற்றுகளுக்கு ஒதுக்கினேன். 30 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 24 வினாடி வேண்டும். பயிற்சியில் ஒரு சுற்றை 2 நிமிடம் 18 வினாடியில் ஓடி, 200 மீட்டர் நடந்து, மறுபடி ஓடினேன். நான்கு சுற்றுகளில் தொடங்கி எட்டு வரை கூட்டினேன். ஏதாவது ஒரு சுற்று முதல் சுற்றைவிட 3 வினாடிக்கு மேல் தாமதமானால் அன்றைய பயிற்சியை அங்கேயே முடித்துக்கொள்வது என்ற விதியை மீறவில்லை. அந்த விதிதான் மறுநாள் கால்களைக் காப்பாற்றியது.

சோதனை நாளில், 5,000 மீட்டருக்கான வழக்கப்படி 200 மீட்டர் குறியிலிருந்து தொடங்கினேன். முதல் 200 மீட்டர் 1 நிமிடம் 10 வினாடி. அடுத்த ஏழு சுற்றுகளும் 2 நிமிடம் 23 வினாடியை ஒட்டியே வந்தன. எட்டாவது சுற்றிலிருந்து அடிகள் சோர்ந்தன. கடிகாரத்தின் பதிவில் அடி வீதம் 173-க்கு இறங்கியதும் சுற்று 2 நிமிடம் 25 வினாடி ஆனதும் தெளிவாகத் தெரிகிறது. அந்த நான்கு சுற்றுகளிலும் வேகத்தை நினைக்காமல், கைகளை மட்டும் சற்று விரைவாக வீசினேன். கை வீச்சு விரைந்தால் காலும் கூடவே வரும். கடைசிச் சுற்று 2 நிமிடம் 9 வினாடி. மொத்தம் 29 நிமிடம் 40 வினாடி. சராசரி அடி வீதம் 176, அடி நீளம் 96 செ.மீ.

இரண்டு நாள் கழித்து அதே வேகத்தில் முக்காலியைக் கடந்து ஓடி எடுத்த காணொளியில், தரையில் சராசரியாக 59 சட்டகங்கள், காற்றில் 23 சட்டகங்கள். தரையில் கடந்த தூரம் 69 செ.மீ., காற்றில் கடந்தது 27 செ.மீ. ஆக, கூடிய 14 செ.மீட்டரில் 4 செ.மீ. மட்டுமே தரையில் வந்தது; மீதி 10 செ.மீ. காற்றில் வந்தது. அடி வீதம் 9 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், அடி நீளம் 16 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவும் கூடியிருக்கின்றன. குட்டையான காலுக்கு அடி வீதமே எல்லாம் என்று நம்பித் தொடங்கிய எனக்கு, இந்த விகிதம் இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால் வரிசையை மாற்றுவேன். குதிகால் உயர்த்தும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்குவேன். ஒற்றைக் காலில் தடையின்றி 20 முறையாவது செய்ய வரும் வரை வேகமான ஓட்டத்தைத் தொடமாட்டேன். அடி வீதத்தை 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே தடவையில் கூட்டமாட்டேன். முழு 5 கிலோமீட்டர் சோதனையை அடிக்கடி ஓடியதால் அதன் பிறகு வந்த வாரங்கள் களைப்பில் கழிந்தன. இனி இடைக்காலச் சோதனையை நான்கு சுற்றுகளோடு, அதாவது 1,600 மீட்டரோடு, நிறுத்திக்கொள்வேன். காணொளியைப் பக்கவாட்டிலிருந்து மட்டும் எடுத்ததும் போதவில்லை. பின்னாலிருந்தும் எடுத்திருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிவதை முன்பே கண்டிருப்பேன்.

அந்தச் சரிவு இன்னும் தீரவில்லை. 59 சட்டகங்கள் என்ற சராசரியைப் பிரித்துப் பார்த்தால் வலது கால் 57 சட்டகங்களும் இடது கால் 61 சட்டகங்களும் தரையில் இருக்கின்றன. குதிகால் உயர்த்தும் பயிற்சியிலும் வலது 24, இடது 19 என்ற வேறுபாடு தொடர்கிறது. ஆகவே இப்போது இடது காலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொகுதி செய்துவருகிறேன். அந்தப் பக்கத்து இடுப்புக்கு, வலது பக்கமாகப் படுத்து இடது காலைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். இரு கால்களும் 22-ஐ எட்டியதும் முக்காலியை ஓடும் பாதையின் பின்புறத்தில் நிறுத்தி அடுத்த காணொளியை எடுக்கவிருக்கிறேன். அதுவரை சுற்றுகளின் வேகத்தை 2 நிமிடம் 18 வினாடிக்குக் கீழே கொண்டுபோகப்போவதில்லை.